உங்கள் மண், உங்கள் போர்... தண்ணீர் யாருடையது?

ஒரு தெருவில் பத்து வீடுகள். பத்திலும் கிணறு அல்லது போர். பங்குனி பிறந்ததும் முதல் வீட்டுக்காரரின் 200 அடி போரில் தண்ணீர் இறங்குகிறது. அவர் ரிக் வண்டியைக் கூப்பிட்டு 400 அடிக்குப் போகிறார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு மோட்டார் காற்றை இழுக்கிறது. அவர் 600 அடிக்குப் போகிறார். கோடை முடிவதற்குள் அந்தத் தெருவில் நான்கு புதிய போர்கள், ஆறு வறண்ட போர்கள், இரண்டு நகை அடகுக் கடன்கள்.

இது கற்பனைத் தெருதான். ஆனால், கோவையிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருப்பவர்களுக்கு இதில் கற்பனை எதுவும் தெரியாது. அங்கெல்லாம் ஆயிரம் அடி என்பதே இன்று சாதாரணப் பேச்சு.

இந்தத் தெருவில் எல்லோருக்கும் எழும் கேள்விகள் மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாகப் போர் போட்டு என் கிணறு வற்றிவிட்டால், நான் வழக்குப் போட முடியுமா? போர் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வாங்காவிட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் பதில் தேடினால், நிலத்தடி நீரைப் பற்றிய நம் சட்டங்கள் எங்கே வலுவாக இருக்கின்றன, எங்கே ஓட்டையாக இருக்கின்றன என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

கமலைக் காலத்துச் சட்டம்

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: வழக்குப் போட்டு வெல்வது மிகக் கடினம். காரணம், 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். தொடக்கத்தில் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. நிலத்தின் சொந்தக்காரர், தன் எல்லைக்குள் பூமிக்கடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த நீர், கரை கட்டிய ஆறுபோல ஒரு குறிப்பிட்ட தடத்தில் ஓடுவதாக இருக்கக் கூடாது. மண்ணில் ஊறி, பாறை இடுக்கில் கசிந்து நிற்கும் நீருக்குத் தடம் ஏது? எனவே, நிலம் யாருடையதோ நீரும் அவருடையது என்றாகிவிட்டது.

இந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இது பெரிய பிரச்னையாக இருந்திருக்காது. அன்று ஏற்றமும் கமலையும்தான் இறைக்கும் கருவிகள். ஒரு ஜோடி மாடு ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் கிணற்றின் ஊற்றை ஒரேயடியாகக் காலி செய்துவிட முடியாது. மாடு களைத்தால் கிணறு ஓய்வெடுக்கும். இரவில் நீர் ஊறும். மாட்டின் களைப்புதான் அன்றைய நீர் மேலாண்மை.

மின்மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கம்ப்ரசர் பொருத்திய ரிக் வண்டி, பாறையை உடைத்துக்கொண்டு ஒரே இரவில் பல நூறு அடி இறங்கிவிடுகிறது. கருவி மாறியது, ஆழம் மாறியது, நிலத்தின் கீழ் உள்ள நீர் நிலத்துக்காரருக்கே என்ற அடிப்படை மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைக் கேள்வி கேட்ட வழக்கு ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுத்ததை எதிர்த்து ஊர் மக்கள் போராடினார்கள். 2003-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 'நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து. அரசு அதன் அறங்காவலர்' என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நியாயமான அளவு நீரை எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. ஆலை 2004-லேயே மூடப்பட்டுவிட்டது. பொதுச் சொத்தா, தனிச் சொத்தா என்ற கேள்வி மட்டும் மூடப்படவில்லை.

தமிழ்நாட்டில் என்ன சட்டம்?

சென்னைக்கு ஒரு கதை, மற்ற மாவட்டங்களுக்கு வேறு கதை.

சென்னைக்கும் அதைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட கிராமங்களுக்கும் 1987-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது: சென்னை பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். வந்ததற்கு அழுத்தமான காரணம் உண்டு. நகரத்தின் தாகத்துக்காக வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டது. நன்னீர் பின்வாங்கிய இடத்தில் கடல்நீர் உள்ளே நுழைந்தது. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை தெரிந்த உப்பு, 1980-களின் தொடக்கத்தில் சுமார் 9 கிலோமீட்டர் வரை போய்விட்டது. ஒருமுறை உப்பேறிய நிலத்தடியை மறுபடி இனிப்பாக்கப் பல பருவமழைகள் வேண்டும்.

இந்தச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பகுதிகளில் கிணறோ போரோ தோண்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். சென்னை மாநகருக்குள் அந்த அதிகாரம் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. வெளியே உள்ள கிராமங்களில் மாவட்ட நிர்வாகத்திடம். வீட்டு உபயோகம் தவிர வேறு எதற்கு நீர் எடுத்தாலும், லாரியில் ஏற்றிச் சென்றாலும் தனியாக உரிமம் தேவை.

மற்ற மாவட்டங்களுக்காக 2003-ல் ஒரு முழுமையான நிலத்தடி நீர்ச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கிணறுகளைப் பதிவு செய்வது, ஒழுங்குபடுத்துவது எல்லாம் அதில் இருந்தன. ஆனால், நடைமுறைக்கே வராமல் பத்து வருடங்கள் அலமாரியில் இருந்துவிட்டு, 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. பிறந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் போன சட்டம் அது.

அதன்பின் 2014 ஜூலையில் பொதுப்பணித் துறை வெளியிட்ட 142-ம் எண் அரசாணைதான் வணிக நோக்கிலான நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தும் முக்கியக் கருவியானது. கேன் தண்ணீர் நிறுவனங்கள், தண்ணீரை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் தொழிற்சாலைகள் போன்றவை தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதைத் தருவதா வேண்டாமா என்பது, அந்த இடம் எந்தக் குறுவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த அரசாணையை எதிர்த்துப் போன வழக்குகளில் 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அனுமதியில்லாமல் வணிகத்துக்காக நீர் எடுப்பதைத் திருட்டாகக் கருதி நடவடிக்கை எடுக்கலாம் என்றது. 2020-ன் தொடக்கத்தில் அனுமதி பெறாத குடிநீர் ஆலைகளை மூட அதே நீதிமன்றம் உத்தரவிட, அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று சீல் வைத்தார்கள். கேன் தண்ணீர் கிடைக்காமல் பல வீடுகள் தவித்தது நினைவிருக்கலாம்.

உங்கள் குறுவட்டம் எந்த நிறம்?

வருவாய்த் துறைக் கணக்கில் சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு குறுவட்டம். 'பிர்கா' என்றால் ஊர்ப்பக்கம் சட்டென்று புரியும். ஒவ்வொரு பிர்காவிலும் மழையால் எவ்வளவு நீர் நிலத்துக்குள் இறங்குகிறது, அதில் நாம் எவ்வளவு எடுக்கிறோம் என்று கணக்கிடுகிறார்கள். வங்கிக் கணக்குப் போலத்தான்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

* எடுக்கத்தக்க நீரில் 70 சதவிகிதத்துக்குள் எடுத்தால், 'பாதுகாப்பானது'.
* 70 முதல் 90 சதவிகிதம் வரை, 'மித அபாயம்'.
* 90 முதல் 100 சதவிகிதம் வரை, 'அபாயம்'.
* 100 சதவிகிதத்தைத் தாண்டினால், 'அதிநுகர்வு'.
* நீரே உப்பாக இருந்தால், 'உவர்ப்பு'.

2020-ம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அதிநுகர்வு நிலையில் இருந்தன. 63 அபாயம், 225 மித அபாயம், 409 பாதுகாப்பானவை, 34 உவர்ப்பு. அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பகுதிகளில் வரவைவிடச் செலவு அதிகம். கணக்கில் பணமே இல்லாமல் காசோலை கிழிப்பது போன்ற நிலைமை. அந்தக் கூடுதல் நீர் எங்கிருந்து வருகிறது? பாறைக்கடியில் பல காலமாகச் சேர்ந்திருந்த பழைய சேமிப்பிலிருந்து. ரிக் வண்டி ஆயிரம் அடியில் தொடுவது அதைத்தான்.

வீட்டுக்குப் போர்: யாரிடம் கேட்பது?

இப்போது இரண்டாவது கேள்வி.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு 2015-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகளின் கிணறு தோண்டுதல் மற்றும் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். ஊராட்சியிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகுதான் கிணறோ போரோ தோண்டலாம். பழைய போரை ஆழப்படுத்துவதாக இருந்தாலும் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தோண்டும் ரிக் வண்டிக்காரரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் தோண்டினால் சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தை அணுக வேண்டும். சென்னை மாநகர் என்றால் குடிநீர் வாரியம். கட்டணமும் படிவமும் ஊருக்கு ஊர் மாறும். இடத்தின் பத்திரம் அல்லது பட்டா நகல், வரி ரசீது, அடையாள அட்டை ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'வீட்டுப் போருக்கும் மத்திய அரசிடம் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்' என்ற தகவல் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றும். மத்திய நிலத்தடி நீர் ஆணையம், சொந்தமாகக் கட்டுப்பாடு வைத்துள்ள மாநிலங்களில் தடையில்லாச் சான்று வழங்குவதில்லை. தமிழ்நாடு அப்படிப்பட்ட மாநிலம். மேலும், அந்த ஆணையத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே, தனி வீடுகளின் குடிநீர் மற்றும் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் சான்று தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. எனவே, அந்தத் தகவல் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

மூடாத துளை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். அனுமதி, பதிவு, அறிவிப்புப் பலகை... இவையெல்லாம் வெறும் தாள் வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் 2019 தீபாவளியை நினைத்துப்பார்க்க வேண்டும்.

அந்த வருடம் அக்டோபர் 25-ம் தேதி மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயது ஆண் குழந்தை, வீட்டருகே பயன்படாமல் கிடந்த போருக்குள் விழுந்துவிட்டான். முதலில் முப்பது அடிக்குள் சிக்கியிருந்தவன், மீட்க முயன்ற நேரத்தில் இன்னும் கீழே நழுவினான். 27-ம் தேதி தீபாவளி. பட்டாசைத் தொட மனமில்லாமல் டி.வி. முன் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனையோ. பக்கத்தில் இணையாகக் குழி தோண்டினார்கள், பாறை விட்டுக்கொடுக்கவில்லை. 29-ம் தேதி விடியும் முன் அவனது உடல்தான் மேலே வந்தது.

இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகவே உச்ச நீதிமன்றம் 2010-ல் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வகுத்திருந்தது. அவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

* போர் போடுவதற்கு 15 நாள்களுக்கு முன்பே எழுத்துமூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.
* வேலை நடக்கும் இடத்தில், தோண்டும் நிறுவனத்தின் முகவரியும் உரிமையாளரின் முகவரியும் உள்ள பலகை வைக்க வேண்டும்.
* சுற்றிலும் முள்கம்பி வேலியோ வேறு தடுப்போ அமைக்க வேண்டும்.
* கேசிங் பைப்பைச் சுற்றி 50 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்தில் சிமென்ட் மேடை கட்ட வேண்டும். தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ.
* குழாயின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அல்லது போல்ட், நட் போட்ட உறுதியான மூடியால் மூட வேண்டும்.
* மோட்டார் பழுதுபார்க்கக் கழற்றும்போதுகூட துளையைத் திறந்து விட்டுப் போகக் கூடாது.
* கைவிடப்பட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போன்றவற்றால் நிரப்ப வேண்டும்.
* தோண்டும்போது வெட்டிய சேற்றுக் குழிகளையும் வாய்க்கால்களையும் மூடி, இடத்தைப் பழையபடி ஆக்க வேண்டும்.

கோணியைப் போட்டு மேலே கல் வைப்பது, பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்ப்பது, தென்னை மட்டையைச் சாய்த்து வைப்பது... இவை எதுவும் மூடி அல்ல. மழையில் கோணி மக்கும். டப்பாவைக் குழந்தையே தள்ளிவிடும். வெறும் புகை மட்டுமே வந்த போருக்கு மேலும் ஆயிரக்கணக்கில் செலவழித்து மூடுவதா என்று மனம் கணக்குப் போடும் இடத்தில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது. எனவே, மூடும் செலவையும் போர் போடும் செலவிலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள்.

வறண்ட போரை முழுவதும் நிரப்ப மனமில்லையா? அதை மழைநீரை உள்ளே அனுப்பும் கிணறாக மாற்றலாம். ஆனால், ஓர் எச்சரிக்கை. தெருத் தண்ணீரையோ, வயலில் ஓடும் உரத் தண்ணீரையோ நேராகப் போருக்குள் விடக் கூடாது. அது கீழே உள்ள நல்ல நீரையும் கெடுத்துவிடும். கூழாங்கல், மணல் நிரப்பிய வடிகட்டிக் குழி வழியாகத்தான் நீர் உள்ளே போக வேண்டும். வாயும் உறுதியாக மூடியிருக்க வேண்டும்.

தேங்காயா, கருவியா?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் சுமார் முக்கால் பங்கு கடினப் பாறை. கடலோரத்திலும் டெல்டாவிலும் மணலுக்குள் நீர் பரவலாக நிற்கும். பாறைப் பகுதியில் அப்படி இல்லை. பாறையின் விரிசல்களிலும் இடுக்குகளிலும் மட்டும்தான் நீர். அதனால்தான் உங்கள் வீட்டில் இரண்டு இன்ச் தண்ணீர் வர, நாற்பதடி தள்ளி அண்ணன் வீட்டில் புகை பறக்கிறது.

உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் தண்ணீர் கிடைத்தால் ஊரே பேசும். கிடைக்காவிட்டால் 'நேரம் சரியில்லை' என்று முடிந்துவிடும். அறிவியல் வழி வேறு. நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அதை மண்ணும் பாறையும் எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பார்கள். ஈரம் உள்ள விரிசலும் இறுகிய பாறையும் வெவ்வேறு அளவு காட்டும். விவசாயிகளுக்கு இந்த ஆய்வை வேளாண்மைப் பொறியியல் துறை கட்டணம் பெற்றுக்கொண்டு செய்து தருகிறது. இதுவும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தராது. ஆனாலும், லட்சக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் சில ஆயிரம் செலவழித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ரிக் வண்டிகளின் தலைநகரம் என்றால் அது நம் திருச்செங்கோடுதான். இந்தியாவின் பல மாநிலங்களுக்கு அங்கிருந்து வண்டிகள் போகின்றன. வண்டியைக் கூப்பிடும்போது சிலவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கு என்ன விலை, எத்தனை அடிக்கு மேல் விலை ஏறும், கேசிங் பைப் எத்தனை அடிக்கு, அதன் தரம் என்ன, தண்ணீர் வராவிட்டால் யார் மூடித் தருவார்கள்? ஒரு ராடு எத்தனை அடி என்று முதலிலேயே கேட்டுவிட்டு, இறங்கும் ராடுகளை வீட்டில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். ஆழத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'இன்னும் நூறு அடி போனா நிச்சயம் வரும் சார்' என்ற சொல் நள்ளிரவில் வரும். அதற்கு என்ன பதில் என்பதைப் பகலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நீர் வந்த சந்தோஷத்தில் அப்படியே குடித்துவிடாதீர்கள். ஆழம் போகப் போகப் பாறையில் உள்ள தாதுக்கள் நீரில் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட கதையை நாடறியும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில்கூட 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு பாட்டில் நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டுக் குடிப்பதே சரி.

அனுமதி துளைக்கு... தண்ணீருக்கு?

இதுவரை சொன்னதை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் 'துளை போடலாமா' என்று கேட்க விதி இருக்கிறது. 'மூடினாயா' என்று கேட்க விதி இருக்கிறது. 'எவ்வளவு எடுக்கிறாய்' என்று கேட்க விதி இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், ஒரு ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. வணிகத்துக்கு எடுப்பவர் மட்டும்தான் அளவுக் கணக்குக்குள் வருகிறார்.

ஆனால் நீரின் பெரும்பகுதி அங்கே போகவில்லை. 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் 87 சதவிகிதம் பாசனத்துக்கு, 11 சதவிகிதம் வீடுகளுக்கு, மீதி 2 சதவிகிதம்தான் தொழிற்சாலைகளுக்கு.

அதற்காக விவசாயியைக் குற்றம் சாட்டுவது நியாயமா? ஆற்றில் நீர் வராத ஊரில், ஏரி தூர்ந்துபோன ஊரில், போர்தான் அவருடைய ஒரே பிடிமானம். வறண்ட போருக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாமல் நிலத்தை விற்றவர்களும் அவர்களில்தான் அதிகம். கட்டுப்பாடில்லாத போட்டியில் முதலில் தோற்பவர், இன்னொரு நூறு அடிக்குப் பணம் இல்லாத சிறு விவசாயிதான். ஆகவே, கணக்கு வைப்பது அவருக்கு எதிரான விஷயம் அல்ல. அவரைக் காப்பாற்றும் விஷயம்.

இதை ஒரு கிராமம் செய்து காட்டியிருக்கிறது. மகாராஷ்டிராவின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் உள்ள ஹிவ்ரே பஜார், மழை குறைந்த வறட்சிப் பகுதி. அங்கே ஊர்த் தலைவர் போபட்ராவ் பவார் தலைமையில், பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்தது. கரும்பும் வாழையும் வேண்டாம் என்றார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று அளந்து, அதற்கேற்ப இந்த வருடம் என்ன பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கிணறுகளில் மறுபடி நீர் ஏறியது. பிழைப்புத் தேடி வெளியேறியவர்கள் ஊர் திரும்பினார்கள். பவாருக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அங்கே போலீஸ் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கண் வேலை செய்தது.

மொட்டைமாடிக் கணக்கு

நகரத்தில் இருப்பவர்கள் கரும்பை விட முடியாது. ஆனால் ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழும் நீர் மட்டும் சுமார் 1,30,000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போனது போக, ஒரு லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் வருடத்துக்குச் செலவழிப்பது சுமார் இரண்டு லட்சம் லிட்டர். அதாவது, தேவையில் பாதி தலைக்கு மேலேயே விழுகிறது.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் போட்டோம், குழி வெட்டினோம். இருபது வருடங்களில் எத்தனை குழிகளில் சேறு அடைத்திருக்கிறது, எத்தனை குழாய்கள் நேராகத் தெருவுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றன என்பதை நம் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தாலே தெரியும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் வரிசையில் நின்றபோது அந்தக் குழிகளின் அருமை புரிந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக் குழியைத் தூர்வாரி, மணலையும் கல்லையும் கழுவிப் போட்டுவிட்டால் ஐப்பசி மழைக்கு வீடு தயார்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கருவியும் இருக்கிறது: கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் இப்போது கிராம சபை நாள்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் பிர்கா எந்த வகையில் இருக்கிறது? இந்த வருடம் எத்தனை போருக்கு ஊராட்சி அனுமதி கொடுத்திருக்கிறது? ஊரில் மூடாமல் கிடக்கும் போர்கள் எத்தனை, அவை எங்கே?

மூன்றாவது கேள்விக்கு அன்றே பதில் வரவில்லை என்றால், நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒருநாள் காலையில் ஊரைச் சுற்றி நடந்து எண்ணிவிடலாம். தண்ணீர்ச் சட்டம் மாற வருடங்கள் ஆகும். ஒரு துளையை மூட அரை நாள் போதும்.